மூன்று புள்ளிகளை எடுக்கச் சொன்னவர்

அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் தனிச்செய்தியில் வணக்கம் இல்லை, தான் யார் என்ற அறிமுகமும் இல்லை. "தம்பி, அந்த மூணு புள்ளிய எடுத்துடு. மொதல்ல அத எடு" என்று மட்டும் இருந்தது. எந்த மூன்று புள்ளி என்று நான் கேட்டு எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. "நான் எழுதறப்ப எதுர்ல இருக்கறவங்களுக்குத் துள்ளுதே, அது." அதற்குப் பதில் போடுவதற்குள் இன்னொன்று. "இருக்கியா?"

திக்கிப் பேசுகிறவர்களுக்காக நான் இணையத்தில் ஒரு குழு நடத்திவருகிறேன். தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவன் நான். நானும் திக்குகிறவன்தான். எனக்கு 'த' வராது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "சேலம் பக்கம்" என்று சொல்லியே பல வருடங்களைக் கடத்தியிருக்கிறேன். குழுவில் எல்லோரும் பார்க்க எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு. இருவர் மட்டும் தனியாகப் பேசிக்கொள்ள இன்னோர் இடமும் உண்டு. அந்தத் தனிச்செய்திப் பகுதியில் ஒருவர் எழுத ஆரம்பித்தால் மற்றவர் திரையில் மூன்று புள்ளிகள் துள்ளும். எல்லாச் செயலிகளிலும் இருக்கிறதே என்று நானும் வைத்திருந்தேன்.

"அது துள்ளறப்ப ஒருத்தர் என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கற மாதிரி இருக்குது. அதுக்குப் பயந்துதான தம்பி நாமெல்லாம் இங்க வந்தோம்" என்று எழுதினார்.

எனக்கு அது உறைத்தது. மறுநாள் புள்ளிகளை எடுத்துவிட்டேன். நன்றி எதுவும் வரவில்லை. "சரி. அடுத்தது, படிச்சாச்சுன்னு காட்டுற நீல டிக்கு" என்று வந்தது.

பாப்பிரெட்டிப்பட்டியில் மருந்துக்கடை வைத்திருந்தார். குழுவில் தன் பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயரைப் போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவர் 'பாப்பிரெட்டிப்பட்டி அக்கா'. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இப்போது அவர் குழுவில் இல்லை. கடையைக் கைமாற்றிவிட்டுக் குடும்பத்தோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். எங்கள் தனிச்செய்திப் பகுதி இன்றைக்கு எப்படி இருக்கிறதோ, அதில் பெரும்பகுதி அவர் என்னை விரட்டி விரட்டிச் செய்யவைத்தது.

அவர் பேச்சை இங்கே எழுதும்போது எங்கெங்கே திக்கினார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் ஒரு நிமிடம்கூட எடுக்கும்.

பேச்சு அப்படியென்றால் ஆள் அதற்கு நேர் எதிர். அவரைப்போலப் பொறுமை இல்லாத மனுஷியை நான் பார்த்ததில்லை. முதல்முறை கடைக்குப் போனபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு கையால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசியை வைத்துக்கொண்டே, காலால் கீழ் இழுப்பறையை இழுத்தார். கடையில் இருந்த ஒரே முக்காலியின் மேல் இருமல் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எனக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார். அது வருவதற்குள் "ஏன் இன்னும் வரல" என்று வாசலுக்கு இரண்டு முறை போய்வந்தார். தருமபுரிக்கு வரும்போது பேருந்து பொம்மிடியில் சற்று அதிகமாக நின்றால் இறங்கி வேறு பேருந்து பிடிப்பார். விட்டுவந்த பேருந்து பல நேரம் இவருக்கு முன்னாலேயே போய்ச் சேரும். "பரவால்ல. நின்ன எடத்துலயே நிக்கறதுக்கு இது மேலு" என்பார்.

அன்றைக்குக் கடையில் இன்னொன்றும் பார்த்தேன். சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார், வரவில்லை. எங்களைப் போன்றவர். கண் மூடிக்கொண்டது, தாடை ஒரு பக்கம் இழுத்தது. பின்னால் நாலைந்து பேர் சீட்டுகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடையில் வேலை செய்த பெண், "சக்கரைக்குங்களா? வயித்துவலிக்குங்களா?" என்று சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கால் ஆடவில்லை, கண்ணும் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. நானே பொறுக்க முடியாமல் தெருவைப் பார்த்தேன். கடைசியில் அவர் "சேத்துப்புண்ணு" என்றார். அக்கா களிம்பை எடுத்துக் கொடுத்தார். அடுத்த நொடியே பழைய ஆளாகி, "அடுத்தது யாரு, சீக்கிரம் சீக்கிரம்" என்று சீட்டைப் பிடுங்கினார்.

கூட்டம் குறைந்ததும் அதைப்பற்றிக் கேட்டேன்.

"எடுத்துக் குடுத்தா அவுங்க அதுக்கே தலையாட்டிருவாங்க தம்பி. சொல்லி முடிக்கற கஷ்டத்துக்கு வயித்துவலி மாத்தரையே போதும்னு வாங்கிட்டுப் போயிருவாங்க."

"அப்படியெல்லாம் போவாங்களாக்கா?"

"நான் போயிருக்கறன்" என்று சிரித்தார். பன்னிரண்டாவது முடித்த சமயம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார்களாம். இவருக்குச் செடிகொடிகள்மேல் ஆசை. பாட்டனி என்று சொல்ல வாயெடுத்து 'பா'விலேயே நின்றுவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். மாமா ஒருவர், "பார்மசிதான சாமி? அருமையான படிப்பு" என்றார். வீடே மகிழ்ந்துபோயிற்று. "நானும் ஆமான்னு தலையாட்டிட்டன். அன்னைக்கு ஆட்டுனது, இன்னும் மாத்தர எண்ணிக்கிட்டு இருக்கறன்."

சொல்லும்போதே எழுந்துபோய் ஏற்கெனவே சரியாக இருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய கோபங்கள் எனக்குப் புரிய ஆரம்பித்தன. ஒருமுறை தனிச்செய்தியில் புது வசதி ஒன்று வைத்தேன். செய்தி வந்ததும் அதற்கேற்ற பதில்களை அதுவே எடுத்துக் காட்டும். 'சரி', 'நன்றி', 'நாளை பேசலாம்'. ஒன்றைத் தொட்டால் போதும். பெருமையாக அறிவித்தேன். அரைமணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். எழுதாமல் கூப்பிட்டால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

"உன் பொட்டிக்குள்ள எங்க மாமாவ எதுக்கு உக்கார வச்சிருக்கற?" என்றார்.

எடுத்துவிட்டேன்.

குரல்செய்தி விஷயத்திலும் அப்படித்தான். குரல்செய்தியே வேண்டாம், எழுத்து போதும் என்றுதான் உறுப்பினர்கள் பலர் சொன்னார்கள். அக்காதான் வேண்டும் என்று நின்றார். "எழுதி எழுதி எத்தன நாளைக்கி ஒளிஞ்சிக்கறது? ஆனா பொதுவுல வேணாம். தனியா, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசிப் பாக்கறதுக்கு ஒரு எடம் வேணும்." வைத்தேன். சேமிப்பு இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு நிமிடம் என்று எல்லை வைத்தேன். பேச்சில் வரும் வெற்று இடைவெளிகளைத் தானாக வெட்டிவிடும் ஏற்பாடும் இருந்தது. அவருடைய முதல் குரல்செய்தி எனக்கு ஒரு சொல்லோடு வந்தது. "தம்பி." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. இடையில் அவர் திணறியதையெல்லாம் வெட்டி எறிந்து, அந்த ஒரு சொல்லைப் பளிச்சென்று கொண்டுவந்து வைத்திருந்தது என் நிரல்.

"பேசினதுல பாதிய வெட்டிப்புட்டியே" என்று எழுதினார். நிமிடக் கணக்கை எடுத்தேன். வெட்டுவதை எடுத்தேன். வேகமாக ஓட்டிக் கேட்கும் பொத்தானையும் எடுக்கவைத்தார். எதையும் வேகமாகச் செய்கிறவர் அதை மட்டும் பொறுக்கவில்லை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் வார்டு உறுப்பினர் குழுவில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஐம்பதை நெருங்கியவர், தக்காளி விவசாயி. அதிகம் பேசாத மனிதர் என்று ஊரில் நல்ல பெயர், அதனாலேயே ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகு பேசவேண்டி வந்துவிட்டது. கிராம சபையில் எழுந்து தன் தெருவுக்குக் குடிதண்ணீர் கேட்கவேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகளுக்குப் பல் பழுப்பாகிற தெரு அது. அவருக்குக் 'கு' வராது.

அக்காவுக்கு அவர் தினமும் குரல்செய்தி அனுப்புவார். அக்கா முழுவதும் கேட்டுப் பதில் சொல்வார். மற்ற இரண்டு மூன்று உறுப்பினர்களோடும் அப்படிப் பேசிப் பழகினார். ஒருநாள் அவர், தான் முதலில் பேசியதையும் இப்போது பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க ஆசை என்று சொல்லியிருக்கிறார். அன்றே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். குரல்செய்தியைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் வேண்டும்.

"ரெண்டு நாள் குடுங்கக்கா. யார் எத எறக்கலாம்னு யோசிச்சு வைக்கணும்" என்றேன்.

"ஒரு பொத்தான் வைக்கறதுக்கு என்ன யோசன? இன்னைக்கே வை. அந்த மனுஷன் கேட்டுட்டு இருக்கறாரு."

சாயங்காலத்துக்குள் வைத்தேன். அனுப்பியவரும் இறக்கலாம், பெற்றவரும் இறக்கலாம்.

வார்டு உறுப்பினர் பேசிப் பழகியவர்களில் ஒருவன் திக்குகிறவனே இல்லை. அவருடைய ஊர்க்காரன், தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றவருக்கு வேண்டியவன், பொய்ப் பெயரில் உள்ளே வந்திருந்தான். அவன் அந்தக் குரலை இறக்கி ஊர்க்காரர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். குடிதண்ணீர் என்ற சொல்லின் முதல் எழுத்தில் அந்த மனிதர் படாதபாடு படுகிற குரல். தேநீர்க் கடையில் அவர் தலையைக் கண்டால் இளவட்டங்கள் 'கு', 'கு' என்று குயில்போலக் கூவ ஆரம்பித்தார்கள். அவர் எங்கள் குழுவிலிருந்து தன் கணக்கை அழித்துவிட்டுப் போனார். போவதற்கு முன் அக்காவுக்கு ஒரு வரி எழுதியிருந்தார். "உங்கள நம்பித்தான் பேசினேன்."

அந்த நாட்களில் அக்காவின் செய்திகள் மழைபோல வந்தன. அவன் கணக்கை முடக்கு என்றார். முடக்கினேன். பொத்தானை எடு என்றார். எடுத்தேன். குரல்செய்தியையே எடு என்றார். பிறகு தனிச்செய்தியே வேண்டாம், எல்லாவற்றையும் மூடு என்றார். மூடலாமா என்று நான் கேட்டால், "மூடிட்டா? வெளிய போனது உள்ள வந்துருமா?" என்று என்மேலேயே பாய்ந்தார். கடையில் ஒருவருக்கு மாத்திரை மாற்றிக் கொடுக்கப்போய், நல்லவேளையாக அந்தப் பெண் கவனித்துத் தடுத்திருக்கிறாள். அதை அவரே எனக்கு எழுதினார். வேறெதுவும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டார். "வண்டிய எடுத்துட்டு வா. பாப்பாரப்பட்டி போவணும்."

வழி முழுவதும் பின்னிருக்கையில் இருந்துகொண்டு, "முந்து, அந்த லாரிய முந்து" என்றார். ஊர்ப்பெயரை மட்டும் வைத்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் காலித் தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்தன. அவர் மனைவி வெளியே வந்தார்.

"அவரு யாருகிட்டயும் பேசறதில்லீங்க. எங்கிட்டயே பேசறதில்ல. ராஜினாமா எழுதிக் குடுக்கறன்னு உக்காந்திருக்கறாரு."

"நாங்க இருக்கறோங்க. அவுரு வரட்டும்" என்றார் அக்கா.

நான் கூடை ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அக்கா வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தார். வெயில் ஏறியது. கடையைத் திறக்கவேண்டும், மதியப் பேருந்தைப் பிடிக்கவேண்டும், எதையும் அவர் சொல்லவில்லை. நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் வார்டு உறுப்பினர் வெளியே வந்தார். துண்டை இறுக்கமாகப் போர்த்தியிருந்தார். எங்களைப் பார்க்காமல் கூடைகளைப் பார்த்தார்.

அக்கா நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். 'ம' வரவில்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த மனிதரின் மனைவி பதறிப்போய் உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்த மனிதர் கையைக் காட்டித் தடுத்தார். துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. பொத்தான இன்னைக்கே வைக்கணும்னு நின்னது நான்தான். ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லி இந்தத் தம்பி சொல்லுச்சு. நான் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பொத்தான் இப்ப இருக்குதுங்களா?"

"எடுத்துட்டங்க."

"ஏன் எடுத்தீங்க? நான் பேசினத நான் கேக்கறதுக்குத்தான கேட்டன்." இதைச் சொல்ல அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. "பேசினவங்கிட்ட இருக்கட்டும். கேக்கறவனுக்கு எதுக்குங்க அது?"

அவ்வளவு எளிமையான விஷயம். நான் யோசிக்கக் கேட்ட இரண்டு நாளிலும் அந்த இடத்துக்கு வந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

"கிராம சபையில பேசுவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"வேற வார்த்த போட்டுப் பேசுன்னு எம் பொண்ணு சொல்லுது. காவேரித் தண்ணின்னு சொல்லலாம், அது வரும். ஆனா போட மாட்டன். எந்த வார்த்தைக்குக் கூவுனாங்களோ அதையே சொல்றன். நீங்க வாங்க."

"வர்றன்" என்றார் அக்கா. இவ்வளவு சீக்கிரமாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அடுத்து வந்த நாட்களில் பொத்தானைத் திருத்தி வைத்தேன். பேசியவர் மட்டுமே தன் குரலை இறக்கிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவர் தனியாகப் பேச வந்தால் முதலில் அனுமதி கேட்கவேண்டும். ஒன்றை அனுப்பிய பிறகும் இரு பக்கமும் அழித்துவிடலாம். இம்முறை அக்கா அவசரப்படுத்தவில்லை. "சரியாப் பாத்து வை" என்று மட்டும் எழுதினார். எழுதியது அவர்தானா என்று சந்தேகமாக இருந்தது.

கிராம சபை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்தது. பந்தலுக்குக் கீழே நாற்காலிகள், கரகரக்கும் ஒலிபெருக்கி. அக்காவும் நானும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றோம். வார்டு உறுப்பினர் எழுந்தார். கூட்டத்தைத் தாண்டி எங்களைத் தேடிப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். "எங்க தெருவுக்கு" என்பதுவரை நன்றாக வந்தது. அடுத்த சொல்லில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பந்தலின் ஓரத்திலிருந்து ஒருவன் குயில்போல மெல்லக் கூவினான். சிலர் சிரித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா இல்லை.

மேசைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், "குப்பைங்களா?" என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். மறுபடி முயன்றார். கூட்டம் நெளிந்தது. ஒரு பெண், "இருங்கய்யா, சொல்லட்டும்" என்றாள். அவர் சொன்னார். குடிதண்ணீர். அதைச் சொன்ன பிறகு பல்லைப்பற்றிச் சொன்னார். வரும் வழியில் உடைந்துகிடக்கிற குழாயைப்பற்றிச் சொன்னார். இடையிடையே நின்றுநின்றுதான். தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்து பார்த்தால் அக்கா நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"முடிச்சாரா?"

"முடிச்சாருக்கா. அந்த வார்த்தையத்தான் சொன்னாரு."

"யாராச்சும் எடுத்துக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அவர் வாங்கிக்கல."

அக்கா கையில் வைத்திருந்த பேருந்துச் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த மனிதர் நேராக எங்களிடம் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"ஏம்மா, எங்க போனீங்க? உங்களப் பாத்துத்தான் ஆரம்பிச்சன். நடுவுல பாக்கறன், ஆளக் காணம்."

அக்கா தரையைப் பார்த்தார். கடையில் அத்தனை பேர் பின்னால் நிற்கும்போது அசையாமல் நின்றவர், மணிக்கணக்கில் மற்றவர்களின் மூச்சுத் திணறலைக் கேட்டவர்.

"பயமா இருந்துச்சுங்க" என்றார்.

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றார் அவர். கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த சபைக்கும் வாங்க. குழாய் வந்துச்சான்னு நான் எந்திரிச்சுக் கேக்கணும். பாதில போவாதீங்க."

அந்த அடுத்த சபை நடந்தபோது நான் வேலையாகப் பெங்களூருவில் இருந்தேன். அக்கா போவதாக என்னிடம் சொல்லவில்லை. போனதையும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, கடையைக் கொடுத்துவிட்டு அவர் ஓசூருக்குப் போன பிறகு, வார்டு உறுப்பினரைத் தருமபுரி சந்தையில் பார்த்தேன். குழாய் இன்னும் வரவில்லை, பாதித் தூரம் தோண்டியிருக்கிறார்கள் என்றார். எத்தனை முறை எழுந்து கேட்டார் என்று சொன்னார். கடைசியாகத்தான் நான் அக்காவைப்பற்றிக் கேட்டேன்.

"வந்தாங்களே. மூணு பஸ்ஸு மாறி வந்தாங்களாம்." அடுத்த சொல் அவருக்கு வரவில்லை. நான் காத்திருந்தேன். "நாற்காலி போட்டும் உக்காரல. அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனா கடைசி வரைக்கும் பந்தலுக்குள்ளயே நடந்தாங்க."